ஜீப் வண்டியின் ஆயில் சீல்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

கட்டை வண்டி ஓட்டிய நம் முன்னோர், அச்சுக்கு மசை இடாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோனதில்லை. மசை வற்றினால் அச்சும் குடமும் தேயும் என்பது வண்டிக்காரர் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். மோட்டார் வண்டிக்கும் இதுவே விதி. அங்கே மசைக்குப் பதிலாக எண்ணெய், கண்ணுக்குப் புலப்படாமல் இரும்புப் பெட்டிக்குள் நிற்கிறது. பெட்டிக்குள்ளிருந்து சுழன்றுகொண்டே வெளிவரும் தண்டின் ஓரமாக அந்த எண்ணெய் கசிந்து போகாமல் தடுக்கும் வளையமே ஆயில் சீல் எனப்படுவது.

சீல் ஒழுகினால் புதுச் சீல் ஒன்றை வாங்கிப் போடுவது எங்கும் வழக்கம். அது பாதி வேலையே ஆகும். சீல் எதனால் கெட்டது என்று கண்டு, அக்காரணத்தை நீக்கிய பின் சரியான சீலைப் பொருத்துவதே முழு வேலை. இதனை ஜீப் வண்டியின் டிரான்ஸ்பர் கேஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஜீப்பும் கிராமமும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் தேவைக்காகச் செய்யப்பட்ட வண்டி ஜீப். போர் முடிந்தபின், 1947-ஆம் ஆண்டில், மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கினர். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கப் பெற்றது. அதன் பின்னர், சாலை இல்லாத ஊர்களுக்கும் வட்டார வளர்ச்சி அதிகாரியை ஏற்றிச் சென்ற வண்டி ஜீப்பே. ஊருக்குள் ஜீப் வந்தால் அரசாங்கமே வந்ததாக மக்கள் கருதிய காலம் அது.

இன்று ஒன்றிய அலுவலகங்களில் பெரும்பாலும் வேறு வகை வண்டிகள் வந்துவிட்டன. ஆயினும் பழைய ஜீப்புகள் மறைந்துவிடவில்லை. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து மலை மேலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வன ஜீப்புகளே. தோப்பும் வயலும் உடைய உழவர் சிலரும் பழைய ஜீப்பை வாங்கிச் செப்பனிட்டு வைத்துக்கொள்கின்றனர். முன் சக்கரங்களுக்கும் விசை செல்லும் டிராக்டர்களிலும் இதே வகைச் சீல்கள் உள்ளன. சேற்றுழவில் அவற்றுக்கு உழைப்பு மிகுதி. ஆதலின் இங்குக் கூறுவன அவர்களுக்கும் பயன்படும்.

மோட்டார்த் தொழிலுக்கு மதுரை புதிய ஊரன்று. டி.வி.எஸ். நிறுவனம் 1911-ஆம் ஆண்டில் இங்கேதான் பிறந்தது. கோச்சடையில் அமைந்துள்ள ஃபென்னர் நிறுவனத்தார் பெல்ட்டுகளையும் ஆயில் சீல்களையும் செய்து வருகின்றனர். நம் பக்கத்திலேயே செய்யப்படும் பொருளைப் பற்றி நாம் அறிந்திருப்பது முறையே அல்லவா?

டிரான்ஸ்பர் கேஸ் என்பது யாது?

எஞ்சினின் விசை முதலில் கியர்பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து வரும் விசையைப் பின் சக்கரங்களுக்கு மட்டுமோ, முன் பின் ஆகிய நான்கு சக்கரங்களுக்குமோ பகிர்ந்து அனுப்பும் பெட்டியே டிரான்ஸ்பர் கேஸ். மேட்டில் ஏறவும் சேற்றிலிருந்து மீளவும் வேண்டிய மெதுவான, வலிமை மிக்க தாழ்ந்த கியரும் அதனுள்ளேயே இருக்கிறது. பழைய ஜீப்புகளில் உள்ளது ஸ்பைசர் 18 என்னும் வகை. அது பற்சக்கரங்களாலேயே இயங்குவது. கியர்பாக்ஸின் பின்புறத்தோடு ஒட்டி நிற்பது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் எண்ணெய் கொள்வது.

இப்பெட்டியிலிருந்து எண்ணெய் வெளியேறக்கூடிய வாயில்கள் பல. முன் சக்கரங்களுக்கு விசை செல்லும் தண்டு ஒன்று. பின் சக்கரங்களுக்குச் செல்லும் தண்டு ஒன்று. இவ்விரண்டிலும் பெரிய ஆயில் சீல்கள் உள்ளன. கியர் மாற்றும் கம்பிகள் இரண்டுக்கும் சிறிய சீல்கள் உண்டு. இவையன்றி, ஸ்பீடோமீட்டர் கம்பி சேரும் இடமும், நடு அச்சின் முனையும், அடித்தட்டின் பேக்கிங் தாளும் கசியக்கூடியவை. பெட்டியைப் பிரித்துக் கட்டும்போது இவை அனைத்தையும் ஒருங்கே புதுப்பித்தல் நலம். ஒன்றை மட்டும் மாற்றினால், மற்றொன்றுக்காக மீண்டும் ஒருமுறை பெட்டியை இறக்க நேரும்.

சீல் வேலை செய்யும் விதம்

கிணற்றுப் பம்பு செட்டின் கிளாண்டில் கயிறு சுற்றியிருப்பதை உழவர் அனைவரும் அறிவர். அதில் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கவேண்டும். விழாவிட்டால் கயிறு காய்ந்து கருகிவிடும். ஆயில் சீலில் அவ்வாறு சொட்டுதல் கூடாது. அதன் வெளிப்புறம் இரும்பு வளையம். உட்புறம் ரப்பரால் ஆன மெல்லிய உதடு. அவ்வுதட்டைத் தண்டின்மேல் இதமாக அணைத்துப் பிடிக்க ஒரு சுருள் கம்பி உண்டு. தண்டு சுழலும்போது உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. அப்படலமே உதட்டைக் காக்கிறது. எண்ணெய் சிறிதும் இன்றித் தண்டு சுழன்றால் உதடு சூடேறிக் கருகிவிடும். முற்காலத்தில் இவ்வுதடு தோலால் செய்யப்பட்டது. இன்று பெரும்பாலும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகிறது.

ஒழுகல் விளைக்கும் கேடு

ஒரு சொட்டுத்தானே என்று பலர் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் இரவும் பகலும் விழுந்தால் ஒரு நாளில் 1,440 சொட்டு, அதாவது 72 மில்லிலிட்டர். இவ்வாறு மூன்று வாரத்தில் ஒன்றரை லிட்டர் தீர்ந்துபோகும். நடைமுறையில் முழுதும் தீர்வதில்லை. எண்ணெய் மட்டம் சீலுக்குக் கீழே இறங்கியதும் ஒழுகல் நின்றுவிடும். "தானே சரியாகிவிட்டது" என்று வண்டிக்காரர் மகிழ்வார். உண்மையில் பேரிங்குகளும் பற்சக்கரங்களும் பட்டினி கிடக்கத் தொடங்கும் நேரம் அதுவே.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கின் டிரம் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின் தண்டின் மேலேயே அமைந்துள்ளது. பின் சீல் ஒழுகினால் எண்ணெய் நேரே அந்த டிரமுக்குள் புகுந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். பின்னர்க் கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. கண்மாய்க் கரையிலோ மலைச் சரிவிலோ ஆட்களோடு நிறுத்திய வண்டி தானே உருளுமானால் விளையும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ? எனவே சீலின் பழுதை எண்ணெய்ச் செலவாக மட்டும் கருதலாகாது. உயிர்க் காப்போடு தொடர்புடையதாகக் கொள்ளுதல் வேண்டும்.

காரணத்தைக் கண்டறிதல்

பசுமலையில் திருப்பரங்குன்றம் செல்லும் சாலையோரப் பட்டறை ஒன்றிற்கு ஒரு ஜீப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் மூன்று முறை பின் சீலை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை என்கிறார் உரிமையாளர். நான்காவது சீலைப் போடுமுன் மெக்கானிக் என்ன செய்யவேண்டும்?

முதலில் பெட்டியின் வெளிப்புறத்தை நன்கு கழுவித் துடைத்து உலர்த்தவேண்டும். வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுவதால், சொட்டு விழும் இடம் வேறாகவும் கசியும் இடம் வேறாகவும் இருக்கும். கழுவிய இடத்தில் முகப் பவுடரை மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், கசிவு தொடங்கும் இடம் ஈரமாகித் தன்னைக் காட்டிக் கொடுக்கும். அதன்பின் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

ஒன்று, மூச்சுத் துவாரம். பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அது வெளியேற மேற்புறத்தில் பிரீதர் என்னும் சிறு துவாரம் உண்டு. நம் கரிசல் மண்ணும் புழுதியும் எண்ணெயோடு கலந்து அதனை அடைத்துவிட்டால், உள்ளழுத்தம் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியேற்றும். சூடான பெட்டி வாய்க்கால் நீரில் இறங்கினால் இதற்கு மாறாக நிகழும். உள்ளே காற்று சுருங்கி, சீலின் வழியே நீர் உறிஞ்சப்படும். மோர் போல் வெளுத்த எண்ணெய் அதற்கு அடையாளம்.

இரண்டு, எண்ணெய் மட்டம். நிரப்பும் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை நின்றால் போதும். கியர்பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் ஒட்டி நிற்பதால் ஒன்றன் எண்ணெய் மற்றொன்றிற்கு வந்துவிடுவதும் உண்டு. ஆதலின் இரண்டன் மட்டத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

மூன்று, பேரிங்கின் ஆட்டம். தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். தண்டு ஆடினால் எவ்வளவு நல்ல சீலின் உதடும் அதனைத் தொடர்ந்து அணைக்க இயலாது. ஸ்பைசர் 18 வகையில் பின் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்துமே பேரிங்கின் இறுக்கம் சரிசெய்யப்படுகிறது. பிரிக்கும்போது அத்தகடுகளைத் தொலைத்துவிட்டு, அவ்விடத்தில் பசையை அப்பி மூடுவது பெரும் பிழை.

நான்கு, சீல் உரசும் பரப்பு. தண்டின் முனையில் மாட்டியிருக்கும் யோக் என்னும் பாகத்தின் கழுத்தின்மேல்தான் சீலின் உதடு படுகிறது. நாட்பட்ட உராய்வினால் அங்கே வளையமாகப் பள்ளம் விழும். நகத்தால் குறுக்கே கீறிப் பார்க்கையில் நகம் தடைபட்டால் அக்கழுத்து பயனற்றது. அதன்மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகவே செய்யும். நாம் கற்பனை செய்த வண்டியில் மூன்று சீல்கள் வீணாகியதற்கு இப்பள்ளமே காரணமாக இருந்திருக்கலாம்.

ஐந்து, யோக்கின் உட்பற்கள். சீல் நன்றாக இருந்தும், தண்டின் பற்களுக்கும் யோக்கின் பற்களுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியே எண்ணெய் ஊர்ந்து வந்து நட்டின் அடியில் வெளிப்படுவதுண்டு. இதனைச் சீலின் குற்றம் என்று கருதிச் சீலை மாற்றுவோர் பலர்.

சீலைத் தேர்ந்தெடுத்தல்

பழைய சீலைக் கடைக்கு எடுத்துச் சென்று, "இது போல் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பது போதாது. பழைய சீலே தவறான அளவாக இருக்கலாம். தேய்ந்த உதடு உண்மை அளவைக் காட்டாது. சீல் உரசும் கழுத்தின் விட்டத்தையும், சீல் அமரும் குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியர் கருவியால் அளக்கவேண்டும். சீலின்மேல் 35, 52, 10 என மூன்று எண்கள் இருந்தால், முதல் எண் தண்டின் விட்டத்தையும், இரண்டாவது குழியின் விட்டத்தையும், மூன்றாவது சீலின் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறிப்பன.

பழைய ஜீப்பின் பாகங்கள் அங்குல அளவில் செய்யப்பட்டவை என்பதை மறத்தலாகாது. காட்டாக, 1¾ அங்குலம் என்பது 44.45 மில்லிமீட்டர். அதற்கு 45 மில்லிமீட்டர்ச் சீலைப் போட்டால் உதட்டின் பிடி தளரும். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்வேறுபாடே ஒழுகலுக்குப் போதுமானது. முன்பு எவரேனும் அக்கழுத்தை லேத்தில் கடைந்திருந்தால் அளவு மேலும் குறைந்திருக்கும். ஆதலின் அளந்தே வாங்குக.

அடுத்து, ரப்பரின் வகை. நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வரை தாங்கும். ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸுக்கு இது பொதுவாகப் போதும். ஃபுளோரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், விலை மிகுதி. சிலிகோன் ரப்பர் வெப்பத்தைத் தாங்குமெனினும், கியர் எண்ணெயில் கலந்துள்ள மருந்துகளுக்கு ஈடுகொடாது. ஆகவே இங்குப் பயன்படுத்தலாகாது. புழுதியிலும் சேற்றிலும் செல்லும் வண்டிக்கு, எண்ணெயைத் தடுக்கும் உதட்டோடு வெளிப்புறத்தில் தூசி தடுக்கும் இரண்டாம் உதடும் உள்ள சீலே ஏற்றது.

சில சீல்களின் உதட்டில் சாய்ந்த வரிகளும், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். அவை ஒரு திசைக்கு உரியவை. முன் தண்டும் பின் தண்டும் ஒரே போக்கில் சுழன்றாலும், வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுழலும். ஆதலால் முன்னதற்குரிய அம்புக்குறிச் சீல் பின்னதற்குப் பொருந்தாது. ஐயம் இருப்பின் இரு திசைக்கும் உரிய சீலை வாங்குதல் நலம்.

கடையில் ஆணியில் தொங்கவிட்டிருக்கும் சீலை வாங்காதீர்கள், உதடு கோணியிருக்கும். நாட்பட்டு இறுகிய, வெடிப்புள்ள ரப்பரையும் தள்ளிவிடுக.

பொருத்தும் முறை

வேலை தொடங்குமுன் ஒன்றை உறுதியாக நினைவில் வைத்தல் வேண்டும். பின் புரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கழற்றிய அந்நொடியே பழைய ஜீப்பில் கைப்பிரேக் இல்லாது போகிறது. ஆகவே சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை இட்டு, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்திய பின்னரே அடியில் செல்லவேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி அடியில் படுப்பது கூடாது.

பழைய சீலை நெம்பி எடுக்கும்போது குழியின் சுவரில் கீறல் விழலாகாது. கீறல் வழியே எண்ணெய் வரும். குழியைத் துடைத்து, பிசிறு இருப்பின் நீக்குக. கழுத்தில் மெல்லிய கறை மட்டும் இருந்தால், நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றுவட்டமாகப் பிடித்து மெருகிடலாம். நீளவாக்கில் தேய்த்தால் அக்கோடுகளே எண்ணெய்க்கு வழியாகும். பள்ளம் விழுந்திருப்பின் யோக்கை மாற்றவேண்டும்; அல்லது அதன்மேல் ஏற்றுவதற்கென்றே செய்யப்படும் மெல்லிய எஃகுக் குழலைப் போர்த்தலாம். அதன் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவே ஆதலால் பழைய அளவுச் சீலே பொருந்தும்.

புதிய சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி, அதாவது பெட்டியின் உட்புறம் நோக்கி இருக்கவேண்டும். உதட்டில் பெட்டிக்குரிய எண்ணெயைத் தடவி, இரு உதடுகளுக்கும் நடுவே சிறிது கிரீஸ் வைக்கவேண்டும். வெளிப்புறம் வெறும் இரும்பாக இருந்தால் பட்டறைகளில் ஷெல்லாக் என வழங்கும் பசையை மெல்லியதாகப் பூசலாம். ரப்பர் பூசிய சீலுக்கு அது வேண்டா. உதட்டில் பசை படலாகாது.

சீலின் வெளி விட்டத்துக்குச் சற்றே சிறிய குழாயையோ தட்டையான மரக்கட்டையையோ வைத்து, சுற்றிலும் சமமாக, கோணாமல் உள்ளே செலுத்துக. சுத்தியலால் ஒரு பக்கம் தட்டி மறு பக்கம் தட்டிச் செலுத்தினால் இரும்பு வளையம் நெளியும். சுருள் கம்பி கழன்று விழும். கியர்க் கம்பிகளின் சீல்களை ஏற்றும்போது கம்பியிலுள்ள வெட்டுகள் உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய தாளைச் சுற்றிக்கொள்க. யோக்கை மாட்டுமுன் அதன் உட்பற்களிலும் நட்டின் அடியிலுள்ள வாஷரிலும் பசை தடவினால் பற்களின் வழியே வரும் கசிவு நிற்கும். எண்ணெய் படிந்த பிரேக் லைனிங்கை மாற்றி, டிரமைச் சுத்தம் செய்தால்தான் வேலை நிறைவுபெறும்.

பிரீதரைக் கழுவித் திறந்துவிட்டு, கைநூலில் கூறிய எண்ணெயையே நிரப்புக. சங்கிலியால் இயங்கும் புதிய வகைப் பெட்டிகளுக்கு வேறு எண்ணெய். ஒன்றற்குரியதை மற்றொன்றுக்கு ஊற்றலாகாது. அரைமணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்த்து, இரவு முழுவதும் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் காலையில் உண்மை விளங்கும். இறக்கிய பழைய எண்ணெயைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், உரிமம் பெற்று அதனைச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியவை

பொதுப் பணத்தில் ஓடும் வண்டிக்குச் செலவை அனுமதிக்கும் உறுப்பினர்கள் மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிந்தால் போதும்.

1. ஒழுகல் எங்கிருந்து வந்தது, அதன் காரணம் யாது என்பது வேலைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா?

2. பில்லில் சீலின் அளவும் வகையும் குறிக்கப்பட்டுள்ளனவா? கழற்றிய பழைய சீல்கள் திருப்பித் தரப்பட்டனவா?

3. பிரீதர், பேரிங், யோக்கின் கழுத்து ஆகிய மூன்றும் சோதிக்கப்பட்டனவா?

4. சரிவில் நிறுத்திக் கைப்பிரேக் சோதிக்கப்பட்டதா?

5. இதற்கு முன் இதே சீல் எப்போது மாற்றப்பட்டது என்பது லாக் புத்தகத்தில் உள்ளதா?

ஐந்தாவது கேள்வி மிக முக்கியமானது. ஒரே சீல் ஓராண்டில் இருமுறை மாற்றப்பட்டிருக்குமானால், காரணம் கண்டறியப்படவில்லை என்றே பொருள். மூன்றாவது பில்லுக்கு ஒப்புதல் அளிக்குமுன் யோக்கின் கழுத்தை ஒருமுறை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சுக்கு மசை இட்டு வண்டி பூட்டிய நம் முன்னோரின் கவனம் நம்மிடமும் இருக்குமானால், பழைய ஜீப் இன்னும் பல்லாண்டு ஊருக்கு உழைக்கும். கரையில் நிறுத்திய வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கும்.